ஆவிக்குரிய போராட்டத்தில் சகவிசுவாசியின் உதவியைத் தேடுவது விசுவாசக் குறைவா?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். ஏழெட்டு மாதமாக ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை. விட்டொழித்திருந்த ரம்மி ஆட்டம் போனில் திரும்பி வந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து படுத்தால், ‘தேவன் உன்னைக் கைவிட்டுவிட்டார்’ என்று யாரோ காதருகே சொல்வதுபோல் இருக்கிறது. அறையில் கூட இருக்கும் நண்பர் ஜெபக்கூடுகைக்குக் கூப்பிடுகிறார். ஊரில் உள்ள மூப்பர் ஒருவரோ, ‘மனுஷன்மேல் நம்பிக்கை வைக்கிறவன் சபிக்கப்பட்டவன், எரேமியா 17:5 பார், முழங்காலில் நின்று நீயே ஜெயி’ என்கிறாராம். சகவிசுவாசிகளை நாடினால் அது தேவன்மேல் விசுவாசம் குறைந்ததற்கு அடையாளமா என்பதுதான் கேள்வி.

எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். வசனத்தைப் பற்றிய சந்தேகம் பாதிதான் என்று எனக்குப் படுகிறது. ‘நான் இப்படி இருக்கிறேன் என்று சபையில் ஒருவருக்குத் தெரிந்தால் என்ன ஆவேன்’ என்பது மீதிப் பாதி. வசனத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வெட்கத்தை விட்டுவிட்டால் உங்களுக்குப் பிரயோஜனம் இராது. அதனால் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். நான் லுத்தரன் சபைக்காரன். நாகர்கோவில் கன்கார்டியாவில் இறையியல் படித்து, பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கிராமச் சபைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயராக இருந்து ஓய்வுபெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்ல. பிசாசு துரத்தும் வரமும் எனக்குக் கிடையாது.

முதலில் மூப்பர் காட்டிய வசனம். முழுதாக வாசியுங்கள்: ‘மனுஷன்மேல் நம்பிக்கைவைத்து, மாம்சமானதைத் தன் புயபலமாக்கிக்கொண்டு, கர்த்தரை விட்டு விலகுகிற இருதயமுள்ள மனுஷன் சபிக்கப்பட்டவன்.’ சாபம் யார்மேல் விழுகிறது என்பதைக் கடைசித் துண்டு சொல்கிறது. பாபிலோனுக்குப் பயந்த யூதா எகிப்தின் படையை நம்பிக்கொண்டிருந்த காலத்தின் தீர்க்கதரிசி எரேமியா. 17ஆம் அதிகாரம் எந்த வருஷத்தில் பேசப்பட்டது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 37ஆம் அதிகாரத்தில் நடப்பது தெளிவு. பார்வோனின் சேனை வருகிறது என்று கேட்டதும் பாபிலோன் படையினரான கல்தேயர் முற்றுகையைக் கலைத்துப் போகிறார்கள், எருசலேம் மூச்சுவிடுகிறது, எரேமியா மட்டும் ‘வந்த சேனை எகிப்துக்கே திரும்பிப்போகும்’ என்கிறார். தேவனைத் தள்ளிவிட்டு அவருடைய இடத்தில் குதிரையையும் ரதத்தையும் நிறுத்துவதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் கண்டித்தார்.

மூப்பர் அடுத்த அதிகாரத்தையும் வாசித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். 38ஆம் அதிகாரத்தில் அதே எரேமியாவைக் கயிறு கட்டித் துரவுக்குள் இறக்கிவிடுகிறார்கள். தண்ணீர் இல்லை, உளைதான். அதில் அவர் அமிழ்கிறார். தேவன் அவரை எப்படித் தூக்கினார்? அரண்மனையில் வேலை செய்த எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன் ராஜாவிடம் போய்ப் பேசுகிறான். முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறான். (ஒரு எபிரெயப் பிரதியில் மூன்று பேர் என்று இருக்கிறது. எந்தக் கணக்கானாலும் தனி ஆள் இல்லை.) வருகிற வழியில் பொக்கிஷ அறையின் கீழே கிடந்த கந்தைகளையும் கிழிந்த பழந்துணிகளையும் எடுத்துக்கொள்கிறான். கயிற்றோடு அவற்றையும் இறக்கி, ‘இவற்றை அக்குளில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும்’ என்கிறான். வெறுங்கயிறு தோலை அறுக்குமே என்று யோசித்திருக்கிறான். பெரிய பெரிய தரிசனங்களுக்கு நடுவே வேதம் இந்தக் கந்தைத் துணியை மறக்காமல் எழுதிவைத்திருக்கிறது. முப்பது வருஷ ஆயர் வேலையில் நான் கற்றுக்கொள்ள முயன்றதெல்லாம் இந்தத் துணியைக் கொண்டுபோவதைத்தான். பல தடவை வெறுங்கயிற்றோடு போயிருக்கிறேன்.

அடுத்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில் எபெத்மெலேக்குக்குக் கர்த்தர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: அவன் தம்மை நம்பினபடியால் அவனுக்கு விடுதலை. கயிற்றின் மேல்முனையைப் பிடித்திருந்தவன் கர்த்தரை நம்பினவன். கீழ்முனையைப் பிடித்திருந்தவரும் கர்த்தரை நம்பினவர். எரேமியா ‘மனுஷர் விட்ட கயிறு எனக்கு வேண்டாம்’ என்று உளையிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. 17:5ஐ எழுதியவருக்கு 17:5இன் அர்த்தம் தெரிந்திருக்கும் என்று நம்பலாம்.

இனி பவுல் எபேசு சபைக்கு எழுதிய கடிதம், எபேசியர் 6. சர்வாயுதவர்க்கத்தை, அதாவது பிசாசை எதிர்க்கத் தேவன் தரும் ஆயுதங்கள் முழுவதையும் பற்றிப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் நம் பக்கத்தில் இருக்க மாட்டார். தலைச்சீரா, மார்க்கவசம், கேடகம் எல்லாம் போட்ட ஒற்றைப் போர்வீரன் படம் ஞாயிறுபள்ளிச் சுவரிலும் தொங்கும். அந்தப் படம்தான் நம்மை ஏமாற்றுகிறது. தமிழும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. இன்றைய பேச்சில் ‘நீங்கள்’ என்றால் ஒருவரையும் மரியாதையாகக் குறிக்கும், பலரையும் குறிக்கும். அதனால் தனியறையில் ‘தரித்துக்கொள்ளுங்கள்’ என்று வாசிக்கும்போது பவுல் என்னை மரியாதையோடு கூப்பிடுவதுபோல் கேட்கிறது. ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த மரியாதைப் பன்மை கிடையாது. ஒருவரிடம் பேசினால் ‘நீ’ அல்லது ‘நீர்’, பலரிடம் பேசினால் ‘நீங்கள்’. எபேசியர் 6இல் ‘பலப்படுங்கள்’, ‘தரித்துக்கொள்ளுங்கள்’ எல்லாமே பலருக்குச் சொன்னது. கிரேக்கத்திலும் அப்படியே. தீமோத்தேயு என்ற தனி மனிதனுக்கு எழுதும்போது பவுல் ‘விசுவாசத்தின் நல்ல போராட்டத்தைப் போராடு’ என்று ஒருமையில்தான் சொல்கிறார். அதே வசனத்தின் முடிவிலும் ‘அநேக சாட்சிகளுக்கு முன்பாக’ என்று வருகிறது. தனியாகப் போராட வேண்டிய பங்கு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டமும் உண்டு.

இங்கே நிச்சயத்தையும் ஊகத்தையும் பிரித்துவிடுகிறேன். எபேசியர் 6இல் கேடகத்துக்கு வரும் கிரேக்கச் சொல், கதவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆளை மறைக்கிற நீளக் கேடகம். இது நிச்சயம். ரோமச் சிப்பாய்கள் கேடகங்களை ஒன்றோடொன்று சேர்த்து ஆமையின் ஓடு போல் நகர்ந்தார்கள் என்பதும் நிச்சயம். பவுல் அதை மனதில் வைத்தே எழுதினார் என்று நாங்கள் பிரசங்கிகள் சொல்வது அழகான ஊகம். வசனத்தில் அது இல்லை. அது தேவையும் இல்லை, ஏனென்றால் 18ஆம் வசனத்தில் ‘சகல பரிசுத்தவான்களுக்காகவும்’ வேண்டுதல் செய்யச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் பவுல் தனக்காகவும் ஜெபிக்கக் கேட்கிறார், அதுவும் விலங்கோடு உட்கார்ந்துகொண்டு. சர்வாயுதவர்க்கத்தைப் பற்றி எழுதியவருக்கே அடுத்தவர் ஜெபம் வேண்டியிருந்தது.

2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாகச் சொல்கிறார். தங்கள்மேல் நம்பிக்கை வைக்காமல் மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கை வைக்கவே அப்படி நடந்தது என்கிறார். மூப்பர் கேட்டால் ஆமென் போடுவார். இரண்டு வசனம் தள்ளி, ‘நீங்களும் விண்ணப்பத்தினால் எங்களுக்கு உதவிசெய்யுங்கள்’ என்று வருகிறது. இரண்டுக்கும் நடுவில் பவுலுக்கு ஒரு நெருடலும் இல்லை. ஏழாம் அதிகாரத்தில், ‘வெளியே போராட்டங்களும், உள்ளே பயங்களும்’ இருந்த நாளில் தேவன் தனக்கு ஆறுதல்செய்தார் என்கிறார். எப்படி? உடன் ஊழியரான தீத்து வந்ததினாலே.

இவை எல்லாவற்றுக்கும் மேலே கெத்செமனே, இயேசு பிடிபட்ட இரவில் ஜெபித்த இடம். பாவமறியாத குமாரனே பேதுருவிடமும் மற்ற இருவரிடமும் ‘என்னோடேகூட விழித்திருங்கள்’ என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது தெரிந்ததே. கேட்டது விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்லத் துணிவார்களா? தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிப் பக்கம் ராகி முற்றும் பருவத்தில் போய்ப் பாருங்கள். யானை இறங்கும் என்று இரவெல்லாம் காவல் இருப்பார்கள். ஒரு பரணிலிருந்து கூவினால் அடுத்த கொல்லையிலிருந்து பதில் கூவல் வரும். பதில் வரவில்லையென்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் உரக்கக் கூவுவார்கள். ஒருமுறை அங்கே ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போய் இரவு தங்க நேர்ந்தது. அந்த வீட்டுக்காரர் சொன்னார்: ‘ஐயா, கூவறது யானைக்கு மட்டும் இல்ல. நம்ம தூக்கத்துக்கும்தான்.’ நீங்கள் கூவிய அன்று நண்பர் தூங்கியும் போகலாம். அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டங்களில் தனி வீரனுக்கு மதிப்பு அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஊர்களில் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் அவற்றுக்குப் பூசை நடக்கிறது. மாடு மீட்கப்போய் விழுந்த ஒருவன் வில்லோடு நிற்பான். சபைக்காரர்களாகிய நாங்களும் அந்தக் கண்ணோடுதான் எங்கள் முன்னோடிகளைப் பார்க்கிறோம். 1895இல் அமெரிக்காவின் மிசோரி லுத்தரன் மிஷன் கிருஷ்ணகிரியில் தொடங்கிய கதையைச் சொன்னால் தியோடர் நேதர் என்ற ஒருவரை மட்டும் சொல்வோம், 1904இல் அவர் பிளேக்கில் இறந்ததைச் சொல்வோம். அவரோடு சேர்த்து அனுப்பப்பட்ட ஃபிரான்ஸ் மோனின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று மட்டும் மனப்பாடமாக ஒப்பிப்போம்.

எங்கள் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரையும் ஒற்றை வீரனாகவே வரைகிறோம். அவருக்கு ஆயுள் முழுக்க இந்தப் போராட்டம் இருந்தது. ‘தேவன் உன்னைத் தள்ளிவிட்டார்’ என்ற அதே குரல்தான். 1527இல் மிக மோசமாகத் தாக்கப்பட்டபோது விட்டன்பெர்க் சபையின் ஆயர் பூகன்ஹாகனிடம் பாவ அறிக்கை செய்து, மன்னிப்பின் வார்த்தையை அவர் வாயால் கேட்டுக்கொண்டார். புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தவருக்கு வசனம் தெரியாதா? தன் வாயால் தனக்கே சொல்லிக்கொண்டது போதவில்லை. 1530இல் தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஜெரோம் வெல்லர் மனச்சோர்வில் விழுந்தபோது, தனிமையை விட்டு ஓடு, ஆட்களோடு சேர், சிரித்துப் பேசு என்று கடிதம் எழுதினார். (கொஞ்சம் அதிகமாகக் குடி என்றும் அதில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், நம் ஊருக்கு ஆகாது.) 1536இன் கடைசியில் எழுதிய ஸ்மால்கால்டு கட்டுரைகள் என்ற விசுவாச அறிக்கையில், சுவிசேஷம் நமக்கு வந்துசேரும் வழிகளாகப் பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு இவற்றோடு சகோதரர் ஒருவருக்கொருவர் பேசி ஆறுதல்படுத்துவதையும் சேர்த்தார். உங்கள் அறை நண்பர் டீக்கடையில் உட்கார்ந்து உங்களிடம் பேசுவதும் அந்த வரிசையில் இருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் மூப்பருடைய பயம் வெறும் பயம் அல்ல. மனுஷரை நம்பிக் கெட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் வாங்க ஒரு ஊழியர், கர்ச்சீப் வாங்க இன்னொருவர், தீர்க்கதரிசனம் கேட்க மூன்றாமவர் என்று அலைந்து, கடைசியில் போன் போட்டு ஜெபம் வாங்காமல் பஸ் ஏறவே பயப்படும் நிலைக்கு வந்தவர்கள். அது கயிற்றைப் பிடித்து மேலே வருவது ஆகாது, கயிற்றையே கட்டிக்கொண்டு தொங்குவது. ஒரு மாதம் ஒருவரோடு சேர்ந்து ஜெபித்தபின் உங்கள் சொந்த ஜெபம் கொஞ்சமாவது திறந்திருக்கிறதா, அல்லது அவர் இல்லாமல் வாயே வரவில்லையா என்று பாருங்கள். பின்னது என்றால் விலகுங்கள். கலாத்தியர் 6இல் ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்று ஒரு வசனம், மூன்று வசனம் தள்ளி ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்று இன்னொன்று. தமிழில் இரண்டும் பாரம். கிரேக்கத்தில் வெவ்வேறு சொல். முதலாவது அமுக்குகிற பளு, இரண்டாவது அவரவர் தூக்கவேண்டிய சுமை. காலையில் எழுந்து வேதத்தைத் திறப்பது இரண்டாவது வகை. அதை நண்பர் செய்துதர முடியாது.

யாரிடம் சொல்வது என்பதில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஊழியத்தின் ஆரம்ப வருஷங்களில் ஒரு அண்ணன் தன் குடிப்பழக்கத்தை என்னிடம் அழுது சொன்னார். அடுத்த ஞாயிறு ஜெபக்குறிப்பு வாசிக்கும்போது, ‘பழைய பழக்கத்தோடு போராடும் நம் சகோதரர் ஒருவருக்காக’ என்றேன். பெயர் சொல்லவில்லை. முப்பது குடும்பம் உள்ள சபையில் பெயர் எதற்கு? எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அவர் அதன்பின் கோயிலுக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார், பேசினார், வரவில்லை. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எத்தனை வீட்டு விஷயம் ஊரைச் சுற்றுகிறது என்று அன்றுதான் புரிந்தது. இப்போது வாட்ஸ்அப் குழு வேறு. ஆகவே முழுக்கதையையும் கூடுகையில் எழுந்து சாட்சியாகச் சொல்லாதீர்கள். ஒருவரிடம், மிஞ்சினால் இருவரிடம் சொல்லுங்கள். அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் சொல்லாதவராக அவர் இருக்க வேண்டும். உங்களுடையதையும் அவர் வெளியே விடமாட்டார்.

இது பிசாசின் வேலையா, உடம்பின் வேலையா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நேரில் பார்க்காமல் நான் அதைத் தீர்ப்புச் சொன்னால் அது பொய்யாகும். பிசாசு உண்டு, எதிராளி உண்டு என்று வேதம் சொல்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மெய்யான விசுவாசியைப் பிசாசு பிடித்து ஆள முடியுமா என்பதில் சபைகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. முடியாது என்று எங்கள் ஆசிரியர்கள் போதித்தார்கள், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரிதான அசெம்பிளீஸ் ஆஃப் காடும் அதையே போதிக்கிறது. அதனால் யாராவது உங்களைத் தரையில் தள்ளி ‘விடுதலை’ தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தூக்கம் கெட்டால் மனம் கெடும், இது எந்தச் சபைக்காரருக்கும் பொதுவானது. சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவும் விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். அந்தக் குரல் ‘போல’ என்பதைத் தாண்டி நிஜமாகவே காதில் கேட்டால், அல்லது சாகலாம் என்ற எண்ணம் வந்தால், ஜெபத்தோடு மருத்துவரையும் அன்றே பாருங்கள். 14416க்கு அழைத்தால் டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையில் இலவசமாகப் பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்களுக்கு அதிக தூரமும் இல்லை. அதுவும் ஒரு கயிறுதான்.

கடைசியாக ரம்மி. இதை ஆவிக்குரிய பாஷையிலேயே பேசிக்கொண்டிருந்தால் நழுவிப்போகும். கடிதத்தில் கடன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும் என்று நினைக்கிறேன், இருப்பது வழக்கம். லோன் ஆப் ஏதாவது உண்டா, வீட்டுக்குத் தெரியுமா, சம்பளம் எந்தக் கணக்கில் விழுகிறது, இவையும் உங்கள் போராட்டத்தின் பாகம்தான். சம்பளத்தன்று அறை நண்பரோடு உட்கார்ந்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, போனிலுள்ள ஆப்பை அவர் கண்முன் எடுத்துப்போடுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் போனைச் சார்ஜில் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு ஷிப்ட் இடம் கொடுக்காவிட்டால் வாரநாள் கூடுகைக்குப் போங்கள். வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, மற்றவர்கள் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்னும்போது அந்த ‘எங்கள்’ என்பதற்குள் உட்கார்ந்திருங்கள்.

நண்பரிடம் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் தொகையிலிருந்து தொடங்குங்கள். ‘விசுவாசத்தில் தளர்ந்துபோனேன்’ என்று சொல்வதைவிட ‘எனக்கு இவ்வளவு கடன் இருக்கிறது’ என்று சொல்வது நாக்குக்கு எளிது. மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.